உடைமையாளரும் காப்பாளரும்: ஒரு சிறு காரின் கைமாறிய வரலாறு

ஒரு சமூகத்தின் வரலாற்றை அரசாணைகளிலும் போர்க்களங்களிலும் மட்டும் தேடுதல் போதாது. மக்கள் நாள்தோறும் தொட்டுப் புழங்கிய பொருள்களும் வரலாறு பேசுகின்றன. தையல் இயந்திரம், துவிச்சக்கர வண்டி, வானொலிப் பெட்டி என்பன ஒரு வீட்டினுள் எவ்வாறு வந்தன, யார் கைக்கு மாறின, எப்போது ஒதுக்கப்பட்டன என்று ஆராய்ந்தால், அவ்வீட்டார் வாழ்ந்த காலத்தின் செழிப்பும் வறுமையும், நம்பிக்கையும் அச்சமும் நமக்குத் தெரியவரும். இவ்வகையில், பிரித்தானியாவின் நடுத்தரக் குடும்பங்களுக்கென 1948 ஆம் ஆண்டிற் பிறந்து, பின்னர் கடல் கடந்து எமது ஊர்களின் ஒழுங்கைகளிலும் ஓடிய ‘மொறிஸ் மைனர்’ என்னும் சிறு காரின் வரலாறு நமது சிந்தனைக்கு உரியதாகும்.

இக்காரின் பொறியியல் நுட்பங்களை விளக்கும் நூல்கள் பல உள. நாம் இங்கு நோக்க விழைவது அதன் வேகத்தையோ விசையையோ அன்று. அது கைமாறிய வரலாற்றையே. காரொன்றை விலைகொடுத்து வாங்குபவன் அதன் உடைமையாளன் ஆகின்றான் என்பது உலக வழக்கு. ஆயின், அவன் மறைந்த பின்னரும் ஓடிக்கொண்டிருக்கும் காருக்கு அவன் யார்? அவனுக்கு முன் மூவரும் அவனுக்குப் பின் நால்வரும் அதே சுக்கானைப் பிடித்திருப்பின், அக்கார் உண்மையில் எவருடையது? இவ்வினாவுக்கு மொறிஸ் மைனரின் கதை தரும் விடை கார்களுக்கு மட்டும் பொருந்துவதன்று.

திருத்தகத்தில் தொடங்கிய பெயர்

காருக்குத் தம் பெயரைத் தந்த வில்லியம் மொறிஸ் 1877 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வூஸ்ரர் நகரிற் பிறந்தவர். உயர்கல்வி பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 16 வயதளவில், 4 பவுண் முதலோடு, ஒக்ஸ்போர்ட்டில் தம் பெற்றோரின் வீட்டிலேயே துவிச்சக்கர வண்டிகளைத் திருத்தும் தொழிலைத் தொடங்கினார். 1913 இல் தமது முதற் காரை வெளியிட்டார். நகரின் புறத்தே கௌலியில் எழுந்த அவருடைய தொழிற்சாலை, பல்கலைக்கழகத்தாற் பெயர்பெற்றிருந்த ஒக்ஸ்போர்ட்டை ஒரு தொழில் நகராகவும் ஆக்கிற்று. 1934 இற் பிரபுப் பட்டம் பெற்றபின் அவர் நஃபீல்ட் பிரபு என அழைக்கப்பட்டார்.

மைனரை வடிவமைத்தவரோ புலம்பெயர்ந்து இங்கிலாந்துக்கு வந்தவர். அலெக் இஸிகோனிஸ் 1906 இல், அன்று ஓட்டோமன் பேரரசின் துறைமுக நகராய் விளங்கிய ஸ்மிர்னாவிற் பிறந்தார். தந்தை பிரித்தானியக் குடியுரிமை பெற்ற கிரேக்கர். தாய் ஜேர்மனியின் பவேரியப் பகுதியைச் சேர்ந்த குடும்பத்தவர். 1922 இற் போரின் முடிவில் அந்நகர் வீழ்ந்தபோது, இருந்தவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் குடும்பம் கப்பலேறி மோல்ற்றாத் தீவை அடைந்தது. தந்தை இங்கிலாந்தைக் காணுமுன்னரே காலமானார். தாயும் மகனும் இலண்டன் வந்து சேர்ந்தனர். பற்றர்சி தொழில்நுட்பக் கல்லூரியிற் கணிதப் பரீட்சையில் மும்முறை தோல்வியுற்ற அம்மாணவர், 1936 இல் மொறிஸ் நிறுவனத்தில் வடிவமைப்பாளராகச் சேர்ந்தார். உடைமை என்பது ஒரே நாளிற் கைவிட்டுப் போகக்கூடியது என்பதை இளமையிலேயே கண்டவர் ஒருவர், தலைமுறைகள் தாண்டிப் பேணப்பட்ட காரொன்றை ஆக்கினார் என்பது எண்ணத்தக்கது.

இரண்டாம் உலகப் போர் முடியுமுன்னரே, படைத்தளபாட வேலைகளுக்கிடையில், நிறுவனத்தின் துணைத் தலைவர் மைல்ஸ் தோமஸின் ஆதரவோடு இப்பணி தொடங்கிற்று. இஸிகோனிஸும், ஜாக் டானியல்ஸ், றெஜ் ஜோப் என்னும் இரு துணைவரும் ‘மொஸ்கிற்றோ’ என்ற மறைபெயரில் அதனை வளர்த்தனர். தனிச் சட்டகத்தின்மீது கூட்டை ஏற்றுதல் அன்றைய பொது வழக்கம். இவர்களோ கூட்டையே சட்டகமாக்கினர். முன்சில்லுகளை முறுக்குக் கம்பிகள் தாங்கின. பற்சட்டமும் பற்சில்லும் கொண்ட சுக்கான், திருப்பங்களிற் சாரதியின் கைக்கு உடனே இசைந்தது. 1947 இன் பிற்பகுதியில், கார் குறுகலாய்த் தோன்றுகின்றதே என இஸிகோனிஸுக்கு ஓர் ஐயம் எழுந்தது. மாதிரிக் காரை நெடுக இரண்டாய் அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகற்றுவதென முடிவு செய்தார். முன்னரே செய்து குவிக்கப்பட்டிருந்த மோதற் சட்டங்களை வீசிவிடவில்லை. அவற்றை நடுவில் வெட்டி ஓர் ஒட்டுத் துண்டை இணைத்துப் பூட்டினர். முதலாண்டுகளில் வெளிவந்த கார்களில் அந்த ஒட்டை இன்றும் காணலாம். பிறக்கும்போதே ஒட்டுப்போட்டுத் திருத்தப்பட்ட கார் இது எனலாம்.

நஃபீல்ட் பிரபுவுக்கு இக்கார் பிடிக்கவில்லை. நீரில் உடைத்தூற்றி அவித்த முட்டையைப்போல் இருக்கின்றது என்று அவர் எள்ளியமை பலராலும் எடுத்துரைக்கப்படும் செய்தி. ஆயினும் 1948 ஒக்ரோபரில், போருக்குப் பின் இலண்டனில் நடந்த முதலாவது மோட்டார்க் கண்காட்சியில் அது மக்கள்முன் வைக்கப்பட்டது. வரியுட்பட விலை 358 பவுண் சொச்சம். எமது நாடு சுதந்திரம் பெற்றதும் அதே ஆண்டில் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

வாங்கியவருக்கும் முழு உரிமை இல்லை

போரில் வென்ற பிரித்தானியா கடனில் மூழ்கியிருந்தது. வெளிநாட்டுச் செலாவணி தேடித் தரும் தொழில்களுக்கே உருக்கு முதலிற் பங்கிடப்பட்டது. ஆதலால் கௌலியில் உருவான மைனர்களிற் பெரும்பகுதி ஒஸ்ரேலியாவுக்கும் ஏனைய நாடுகளுக்கும் கப்பலேறிற்று. உள்நாட்டவர் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். பெற்றோற் பங்கீடோ 1950 மே மாதம்வரை நீடித்தது.

பொருள் அரிதாகும்போது பேராசை தலைதூக்குதல் இயல்பு. புதிய காரொன்றை முறைப்படி பெற்றவர், அதனை மறுநாளே காத்திருக்கும் இன்னொருவருக்குக் கூடிய விலைக்கு விற்கலானார். ஓடிய கார் ஓடாத காரினும் விலைகூடிய விந்தை அன்று நிலவியது. இதனைத் தடுக்க, பிரித்தானிய மோட்டார் வர்த்தகச் சங்கம் ஓர் உடன்படிக்கையைப் புகுத்திற்று. புதுக் கார் வாங்குவோர், குறித்த காலத்துக்குள் அதனை விற்பதில்லை எனக் கையொப்பமிட வேண்டும். அக்காலம் ஒரு கட்டத்தில் இரண்டு ஆண்டுகள்வரை நீண்டது. காசு முழுவதையும் கொடுத்து வாங்கியவனுக்கும் தன் காரை விற்கும் உரிமை இல்லை! 1950 களின் தொடக்கத்தில் உற்பத்தி பெருகியபின்னரே இக்கட்டு அவிழ்ந்தது.

தவணை முறையில் வாங்கியோரின் நிலை வேறொரு வகையானது. இறுதித் தவணையைச் செலுத்தும்வரை கார் சட்டப்படி நிதி நிறுவனத்துக்கே உரியது. காரைக் கழுவுபவர், எண்ணெய் மாற்றுபவர், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குச் செல்பவர் ஒருவர். அதன் உடைமையாளரோ அதனைக் கண்ணாலும் கண்டிராத ஒரு நிறுவனம். உடைமை வேறு, பேணுதல் வேறு என்னும் உண்மை காரின் முதல் நாளிலேயே தொடங்கிவிடுகின்றது.

பதிவேடு பேசுகின்றது

பிரித்தானியாவில் 1921 முதல் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் ஒரு பதிவேடு வழங்கப்பட்டது. மடித்து வைக்கத்தக்க சிறு ஆவணம் அது. காரின் இலக்கம், நிறம், இயந்திர எண் என்பவற்றோடு, அதனை வைத்திருந்தவரின் பெயரும் முகவரியும் அதில் எழுதப்பட்டன. கைமாறும்போது அடுத்தவரின் பெயர் கீழே ஏறியது. மாவட்ட சபையின் முத்திரை அருகே விழுந்தது. கார் எங்கு சென்றாலும் அதன் வமிசாவளியும் உடன் சென்றது.

இத்தகைய பதிவேடு ஒன்றை விரித்துப் பார்த்தால் ஒரு நாட்டின் சமூக வரலாறே விரியும். மைனரை வாங்கியோர் செல்வந்தரல்லர். கிராமந்தோறும் சென்று பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவத் தாதியர், பங்குகளைச் சுற்றிவந்த குருமார், பள்ளி ஆசிரியர், சிறு வியாபாரிகள் ஆகியோரின் பெயர்களோடு மைனர் இணைத்துப் பேசப்பட்டது. 1960 களில் நீலமும் வெள்ளையும் பூசப்பட்ட மைனர்களிற் பொலிஸார் சுற்றுக்காவல் சென்றனர். சாரதிப் பயிற்சிப் பள்ளிகளிலும் அது இடம்பெற்றது. இளவயதினர் சம்பாத்தியத்தில் வாங்கிய முதற் கார் பலருக்கும் பழைய மைனராகவே இருந்தது. பதிவேட்டின் முதல் வரியில் ஒரு வைத்தியர், இரண்டாம் வரியில் அவரிடம் வாங்கிய ஆசிரியை, மூன்றாம் வரியில் அவருடைய மருமகன், நான்காம் வரியில் ஒரு பல்கலைக்கழக மாணவன் எனப் பெயர்கள் இறங்கிச் செல்லும்போது, விலை குறையக் குறைய கார் எளியோரை நாடிச் செல்வதைக் காண்கின்றோம். புதிதாயிருக்கும்போது சிலருக்கே எட்டிய பொருள், பழையதானபோது பலருக்கும் எட்டிற்று.

இதே காலத்தில் காரும் வளர்ந்தது. 918 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தோடு பிறந்தது, 1952 முதல் 803 உம், 1956 இல் 948 உம், 1962 இல் 1098 உம் கொண்ட புதிய இயந்திரங்களை அடைந்தது. 1956 இல், நடுவே பிளவுபட்டிருந்த முன்கண்ணாடி ஒரே வளைந்த கண்ணாடியாயிற்று. 1960 டிசெம்பரிற் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. பிரித்தானியக் கார்களுள் இவ்வெண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே. அந்தக் காரை நிறுவனம் பத்திரிகையாளர் சங்கத்துக்கு வழங்கிற்று; விதவைகளுக்கும் அநாதைகளுக்குமான அச்சங்கத்தின் நிதிக்கு அது பயன்பட்டது. உற்பத்தி முடிந்தபோது ஏறத்தாழ 16 இலட்சம் மைனர்கள் உலகிற் பிறந்திருந்தன. அவற்றுள் முதலாவதான ‘என்.டபிள்யூ.எல். 576’ கேடனிலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்திற் பேணப்பட்டு வருகின்றது.

1974 இலிருந்து பதிவு வேலை வேல்ஸிலுள்ள சுவான்சி நகரின் நடுவண் நிலையத்துக்கு மாற்றப்பட்டது. பெயர்கள் வரிசையாய் இறங்கிய பழைய பதிவேட்டின் இடத்துக்குக் கணினி அச்சிட்ட பத்திரம் வந்தது. முன்னோரின் வரிசை அதிலிருந்து மறைந்தது ஓர் இழப்பே. ஆயினும் அப்பத்திரம் கையாளும் சொல்லொன்று நம் கவனத்துக்குரியது. அது ‘உடைமையாளர்’ என்று எவரையும் குறிப்பதில்லை; ‘பதிவு பெற்ற காப்பாளர்’ என்றே குறிக்கின்றது. இப்பத்திரம் உடைமைக்குச் சான்றன்று எனவும் வெளிப்படையாகக் கூறுகின்றது. காரை யார் பேணுகின்றார், அதன் ஓட்டத்துக்கு யார் பொறுப்பு என்பதே அரசுக்கு வேண்டியது. சட்ட வசதிக்காக எழுந்த சொல்லாயினும், அதனுள் பொதிந்துள்ள பொருள் ஆழமானது.

துருவும் பேணுதலும்

காப்பாளர் என்னும் பெயர் வெறும் மரியாதைச் சொல்லன்று. அதற்குரிய கடமைகள் நுண்மையானவை. மைனரின் முன்சில்லுகளைத் தாங்கும் கீழ்மூட்டு மரையால் இணைக்கப்பட்டது. குறித்த மைல் தூரத்துக்கு ஒருமுறை அம்மூட்டுக்குள் கிறீஸ் செலுத்தப்பட வேண்டும். செலுத்தினால் பல்லாண்டு உழைக்கும். மறந்தால் மரை தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும். அப்போது சில்லு உள்ளே மடிந்து கார் வீதியில் முழந்தாளிடும். சில நிமிட வேலையைச் சோம்பலால் தவிர்த்தவரின் கையில் அன்று, அவருக்குப் பின் வாங்கியவரின் கையிற்கூட அவ்விபத்து நேரலாம். முன்னவரின் கவனக்குறைவைப் பின்னவர் சுமப்பதும், முன்னவரின் அக்கறையைப் பின்னவர் அனுபவிப்பதும் கைமாறும் பொருளின் நியதியாகும்.

கூட்டையே சட்டகமாகக் கொண்டமையால், துரு அதன் கொடிய பகையாயிற்று. பனிக்காலத்தில் இங்கிலாந்தின் வீதிகளில் தூவப்படும் உப்பு, கதவுகளின் கீழ்ப்பாகத்தையும் பின்வில்லுகள் பொருத்தப்பட்ட இடங்களையும் அரித்தது. மேலே வர்ணம் பளபளக்கும். கீழே இரும்பு உதிர்ந்துகொண்டிருக்கும். 1960 இற் பிரித்தானிய அரசு பழைய வாகனங்களுக்குக் கட்டாயப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் 10 ஆண்டு கடந்தவற்றுக்கு எனவிருந்த விதி, 1967 இல் 3 ஆண்டு கடந்தவற்றுக்கு என இறுகிற்று. வெளித்தோற்றத்தை நம்பி வாங்கியோர் பலர், பரிசோதகர் அடியிற் சுத்தியலால் தட்டியபோதே உண்மையை அறிந்தனர். பல்லாயிரம் மைனர்கள் இரும்புக் குவியலைச் சேர்ந்தன.

நிறுவனமும் கைமாறிற்று

கார் கைமாறிய அதே காலத்தில், அதனை ஆக்கிய நிறுவனமும் கைமாறிக்கொண்டிருந்தது. 1952 இல் மொறிஸ் நிறுவனம் தன் நெடுநாட் போட்டியாளரான ஒஸ்ரினோடு இணைந்து பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனமாயிற்று. 1968 இல் அது லேலண்டோடு கலந்தது. 1975 இல் நட்டத்தில் அமிழ்ந்த அப்பெரு நிறுவனத்தை அரசு பொறுப்பேற்றது. 1988 இல் விமானம் கட்டும் நிறுவனமொன்றுக்கும், 1994 இல் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துக்கும் அது விற்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் அதன் பெரும்பகுதி வெறும் 10 பவுணுக்குக் கைமாறி, 2005 ஏப்ரலில் வீழ்ச்சியுற்றது. இத்தனைக்கும் இடையில், 1970 நவம்பரில் கடைசி மைனர் சலூன் வெளிவந்திருந்தது. அதன் இடத்தை நிரப்ப 1971 இல் வந்த ‘மரீனா’ இன்று பிரித்தானிய வீதிகளில் மைனரைவிட மிக அரிது.

பெருநிறுவனத்தின் உடைமையாளர்கள் ஒருவர்பின் ஒருவராய் அதனைப் பேண இயலாது கைவிட்டபோது, அதே நிறுவனம் ஆக்கிய சிறு கார்களைச் சாதாரண மக்கள் பேணிக்கொண்டனர் என்பது இவ்வரலாற்றின் முரண். ஆனால் நிறுவனரின் செயல் தனித்து நோக்கத்தக்கது. நஃபீல்ட் பிரபுவுக்குப் பிள்ளைகள் இல்லை. தாம் ஈட்டிய பெருஞ்செல்வத்தின் பெரும்பகுதியை வாழ்நாளிலேயே அவர் வழங்கிவிட்டார். 1943 இல் 1 கோடி பவுண் பெறுமதியான பங்குகளைக் கொண்டு நஃபீல்ட் அறநிதியத்தை நிறுவினார். இளம்பிள்ளைவாத நோயால் மூச்சுவிட இயலாதோர்க்கு உதவும் இரும்புச் சுவாசக் கருவிகளை 1938 முதல் தமது கௌலித் தொழிற்சாலையிற் செய்வித்து, கேட்ட மருத்துவமனைகளுக்கெல்லாம் இலவசமாய் அனுப்பினார். அவ்வாறு சென்றவை 1,700 க்கும் மேற்பட்டவை. 1963 இல் அவர் மறைந்தார். நிறுவனம் எத்தனை கை மாறியபோதும், அவர் கொடுத்துவிட்டவை மட்டும் கைநழுவிப் போகவில்லை.

‘நீடித்த உரிமை’ என்னும் சிந்தனை

கைவிடப்பட்ட மைனர்களுக்கு 1970 களின் நடுப்பகுதியிற் புதுவாழ்வு தொடங்கியது. அவற்றை நேசித்தோர் ஒரு சங்கத்தை அமைத்தனர். பாத் நகரில் சாள்ஸ் வெயர் என்பவர் மைனர்களை அடியோடு திருத்திக் கொடுக்கும் நிலையமொன்றை நிறுவினார். 1982 இல் அவர் எழுதிய நூல் காரின் நீடித்த உரிமையைப் பற்றியது. புதுக் கார் வாங்குவோர் முதற் சில ஆண்டுகளில் இழப்பது பெரும்பாலும் காரின் மதிப்பையே. அத்தொகையிற் சிறு பகுதியை ஆண்டுதோறும் பழைய காரைப் புதுப்பிப்பதிற் செலவிட்டால் அக்கார் முடிவின்றி ஓடும் என்பது அவர் வாதம். அவ்வாறு செலவிடும் பணம் தொலைதூர ஆலைக்கன்றி, அயலிலுள்ள தொழிலாளியின் உழைப்புக்கே செல்லும்.

ஆண்டுதோறும் புதுமாதிரி வெளியிட்டு, பழையதை வைத்திருப்போரை நாணச் செய்து பொருள் விற்கும் உலகில், இது எதிர்நீச்சலே. ஆனால் இச்சிந்தனைக்கு வேண்டிய கைவினைஞர் இங்கிலாந்திற் குறைந்து வந்தனர். தகட்டைக் கையாலடித்து வளைக்கும் ஆற்றல் அங்கு அருகிவிட்டது. அவ்வாற்றல் குன்றாதிருந்த ஒரு நாட்டை வெயர் தேடினார். 1990 களின் தொடக்கத்தில் அவர் கண்ட இடம் எமது இலங்கையே. தென்னிலங்கையில் இந்நாட்டவர் ஒருவரோடு கூட்டாக நிறுவப்பட்ட தொழிலகத்தில் மைனரின் உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டு, காரின் தாயகத்துக்கே அனுப்பப்பட்டன. ஒரு காலத்தில் அங்கிருந்து இறக்குமதியான காருக்கு, இங்கிருந்து ஏற்றுமதி நடந்தது.

எமது தீவில்

எமது நாட்டில் அவ்வாற்றல் எவ்வாறு நிலைத்தது? வசதியாலன்று, தட்டுப்பாட்டாலேயே. 1950 களில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய கார்கள் இலங்கைக்கு வந்து குவிந்தன. 1960 களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி அருகியபோது கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இற் பொருளாதாரம் திறக்கப்படும்வரை, இருந்த கார்களே இருந்தன. புதிய பாகம் கிடைக்காத திருத்துநர், பழையதைக் கடைந்தெடுத்தனர். இல்லாததைத் தாமே வார்த்தனர். தகட்டு வேலையும் ஒட்டு வேலையும் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன.

இலக்கத் தகடும் எமது வரலாற்றைப் பேசும். 1957 முதல் புதிய வாகனங்களின் தகடுகளிற் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் புகுத்தப்பட்டது. தமிழ்ப் பகுதிகளில் அதற்கெதிராக எழுந்த போராட்டத்தை நாம் அறிவோம். அதற்கு முன் பதியப்பட்டவை ஆங்கில எழுத்துகளையே தாங்கி நின்றன. ஒரு காரின் தகட்டைப் பார்த்தே அது அந்த ஆண்டுக்கு முந்தியதா பிந்தியதா என்று கூறிவிடலாம்.

1990 இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை இறுகியபோது, பெற்றோல் குடாநாட்டில் அரும்பொருளாயிற்று. அவ்வேளையில் இப்பழைய கார்களே கைகொடுத்தன. புதிய இயந்திரங்களைவிட அமுக்கம் குறைந்தவை ஆதலால் அவை மண்ணெண்ணெயையும் ஏற்றுக்கொண்டன. குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புகை கக்கி, மணம் பரப்பி, இருமி இருமி அவை ஓடின. நோயாளரையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றன. மணமக்களைச் சுமந்தன, இறந்தோரின் உறவினரையும் சுமந்தன. இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்காகப் போற்றப்பட்ட கார், இங்கு உயிர் காக்கும் ஊர்தியாய் நின்றது. அதனைச் சாத்தியமாக்கியவர் வாங்கியவர் மட்டுமல்லர். முப்பது நாற்பது ஆண்டுகளாக அதற்கு எண்ணெய் விட்டும், மரை முறுக்கியும், துரு சுரண்டியும் வந்த பெயரறியாத பலர். அவர்களுட் பலரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறியதில்லை.

1995 இன் பெரும் இடப்பெயர்விலும் அதற்குப் பின்னும் வீடு வளவோடு வாகனங்களையும் விட்டுச் சென்றோர் எத்தனை பேர்! காணி உறுதியைப் பையிற் பத்திரப்படுத்தி நடந்தோம். காணியோ பின்னே நின்றது. உறுதியில் உள்ள பெயர் ஒருவருடையது. கிணற்றை இறைத்து, வேலியை அடைத்து, பனையைக் காத்தவர் இன்னொருவர் என்னும் நிலையை எமது ஊர்கள் நெடுங்காலம் கண்டன. உடைமையாளருக்கும் காப்பாளருக்கும் உள்ள வேறுபாட்டை எமக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை.

இன்று வீதிகளிற் புதிய வாகனங்கள் நிறைந்துள்ளன. அது குறையன்று, வருந்திய மக்களுக்கு வசதி வருதல் நன்றே. பிரித்தானியாவிலோ, 2018 முதல் 40 ஆண்டு கடந்த கார்களிற் பெரும்பாலானவை ஆண்டுப் பரிசோதனையிலிருந்தும் விலக்குப் பெற்றுள்ளன. காரை நல்ல நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு இப்போது பரிசோதகரின் சுத்தியலிடம் இல்லை. காப்பாளரின் மனச்சாட்சியிடமே உள்ளது.

நாம் நம்முடையவை என்று கூறுபவற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது தகும். வீடும் காணியும், பள்ளியும் நூலகமும், பேசும் மொழியும் நமக்கு முன்னே பலர் கையில் இருந்தவை. நமக்குப் பின்னும் பலர் கைக்குச் செல்ல வேண்டியவை. இவற்றின் பதிவேட்டில் நமது பெயர் ஒரு வரி மட்டுமே. அவ்வரிக்குரிய காலத்தில் மூட்டுக்குக் கிறீஸ் விட்டோமா, அன்றி வர்ணத்தை மட்டும் பூசிவிட்டுத் துருவை அடுத்தவருக்கு மறைத்து வைத்தோமா என்பதை, நாம் சொல்லாவிடினும் பின்வருவோர் அறிந்துகொள்வர்.